மேல் அரங்கின் வசனங்கள்

கண்ணாடி கனமாக இருந்தது. மூக்கின் மேல் உட்கார்ந்து, இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு, வலது காதுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றில் முடிந்தது.

"படத்துல பேசறது எல்லாம் எழுத்தா கீழ ஓடும் சார்," என்றாள் கண்ணாடி தருகிற பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். காது கேட்காதவர்களிடம் பேசிப் பழகியவள். முகத்துக்கு நேராக நின்று, கத்தாமல், உதட்டை நன்றாக அசைத்துப் பேசினாள். "உங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாது."

"எழுத்து சின்னதா இருந்தா?"

"இந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்குங்க, பெரிசாகும். முதல்ல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். கண்ணு பழகிடும்."

மகள் பின்னால் நின்று அவருடைய சட்டைக் காலரை இழுத்துவிட்டாள்.

"ராக்கெட்ல போற மாதிரி இருக்கீங்கப்பா."

"போனா திரும்பி வரணும்ல."

அவள் ஏதோ சொன்னாள். அது கேட்கவில்லை. அவர் சிரித்தார். கேட்காததற்குச் சிரிப்பது ஆறு வருடப் பழக்கம்.

ஆறு வருடமாக அவர் தியேட்டருக்கு வரவில்லை. இரைச்சல் கேட்கும், வார்த்தை கேட்காது. காதுக்கருவி ஒன்று மேசை இழுப்பறையில் இருந்தது. போட்டால் விசில் அடிக்கும். இந்தத் தியேட்டரில் புதன்கிழமைக் காலைக் காட்சி அறுபது தாண்டியவர்களுக்கு. விளக்கை முழுக்க அணைக்க மாட்டார்கள். இடைவேளை அரை மணி நேரம். காது கேட்காதவர்களுக்கு இந்தக் கண்ணாடி. பார்வை மங்கியவர்களுக்கு, திரையில் நடப்பதைக் காதில் சொல்கிற கருவி. எல்லாவற்றையும் மகள் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். விடுப்பும் எடுத்துக்கொண்டாள்.

சினிமா அவள் யோசனை. நாளை காலை பத்து மணிக்கு டாக்டர் என்பதும் அவள் யோசனைதான்.

இரண்டு தடவை அடுப்பை அணைக்காமல் கீழே போயிருந்தார். ஒரு தடவை இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார். மூன்றாவதை அவள் எப்படியோ தெரிந்துகொண்டாள்.

"டாக்டர் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டா நான் வாயே திறக்க மாட்டேன்பா. இருக்குன்னா நீங்க எங்க வீட்டுக்கு வந்துடணும். இந்த வீட்டைப் பூட்டிடலாம்."

அந்தப் பேச்சில் தப்பு கண்டுபிடிக்க அவர் முயன்றார். முடியவில்லை. சரி என்றார்.

இன்று காலை அவரை அழைக்க வந்தவள், கதவோரத்து ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இது என்கிட்ட இருக்கட்டும்." அவர் செருப்பு தேடிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி கொடுத்த படிவத்தை நிரப்பினாள். குடும்பத்தினர் நிரப்ப வேண்டியது. நான்கு பக்கம்.

அவர் எதிரில் நின்றார். முப்பத்தெட்டு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். தலைகீழாகப் படிப்பது அவருக்குச் சிரமமில்லை. பதினேழாவது கேள்வியில் அவள் பேனா நின்றது. 'பார்த்த, கேட்ட, படித்த ஒன்றை உடனே திருப்பிச் சொல்வதில் குழப்பம் உண்டா? ஆம் / இல்லை.' அவள் யோசித்தாள். எதையும் டிக் செய்யாமல் தாளைக் கோப்பில் வைத்தாள்.

எனவே படம் எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

*

இரண்டு அரங்குகள். கீழ் அரங்குக்குச் சரிவான நடைபாதை. மேல் அரங்குக்குப் படிகள். அவர்கள் படம் கீழே. ஐந்தாவது வரிசை, ஓர இருக்கை.

திரையில் கடற்கரை வந்தது. ஒரு கொட்டகை. உள்ளே கவிழ்த்து வைத்த படகு. ஒரு கிழவர் அதன் அடிப்பலகையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். தனியாக.

கண்ணாடிக்குள் எழுத்து வந்தது. வெள்ளையாக, திரையின் அடியில் மிதப்பது போல.

'கதவைச் சாத்து. யார் காதுலயாவது விழப் போகுது.'

கொட்டகைக்குக் கதவு இல்லை. கிழவரைத் தவிர ஆளும் இல்லை. வெளியிலிருந்து யாரோ பேசுகிறார்கள் போல என்று அவர் நினைத்தார்.

ஒரு பெண் டம்ளரில் ஏதோ கொண்டுவந்து வைத்தாள். கிழவர் கையைத் துடைத்தார்.

'டாக்டர், நீங்க அன்னிக்கு அங்கதான் இருந்தீங்களா?'

பெண்ணின் வாய் மூடியிருந்தது.

'இல்லை. அன்னிக்கு நான் ஊர்லயே இல்லை.'

இப்போது கிழவரின் வாய் அசைந்தது. கொஞ்சம் நீளமாகவே அசைந்தது. எழுத்து அதற்குள் போய்விட்டது. முன்ன பின்ன இருக்கும் என்று அந்தப் பெண்மணி சொல்லியிருந்தாள். அவர் பொத்தானை அமுக்கினார். எழுத்து பெரிதானது. வேறொன்றும் மாறவில்லை.

சரி. கிழவர் டாக்டர். ஒரு காலத்தில் டாக்டராக இருந்தவர். இப்போது படகு செய்கிறார். ஏதோ நடந்திருக்கிறது. அதனால் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார். அந்தப் பெண் அவருடைய மகள். அவளுக்குத் தெரியாது. அல்லது தெரியும்.

கதை ஒரு மாதிரி பொருந்தி நின்றது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இளைஞன் ஒருவன் வந்தான். கிழவரோடு சேர்ந்து படகுக்குத் தார் பூசினான். 'மருந்தை மாத்திக் குடுத்தது கம்பவுண்டர். கையெழுத்து உங்களுது.' இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்லிவிட்டு எப்படிச் சிரிப்பான்? மிரட்டுகிறவன் சிரிப்பான். அவன் மிரட்டுகிறான். கம்பவுண்டரின் மகனாக இருக்கலாம். ஆனால் கிழவரும் சிரித்தார். அவன் முதுகில் தட்டினார். தார் ஒட்டிய கையால். அவன் கத்தினான். இருவரும் சிரித்தார்கள். அரங்கிலும் சிரித்தார்கள். இருக்கை லேசாக அதிர்ந்ததில் தெரிந்தது.

'அந்தக் குழந்தை ராத்திரியே போயிடுச்சு.'

அவர் சிரிக்கவில்லை. மகள் திரும்பிப் பார்த்தாள். அவர் சிரித்தார்.

அச்சகத்தில் ஒப்புப் பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் புரூஃப் தாளில் வரிவரியாக விரல் வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒட்டவில்லை, காரணமும் தெரியவில்லை என்றால் திருத்தக் கூடாது. ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதியவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு இருமல் மருந்துத் தாளில், குழந்தைகளுக்கு என்ற வரிக்குக் கீழே பெரியவர்களுக்கான அளவு இருந்தது. அவர் கவனித்தார். மருந்து தெரிந்தவர்கள் எழுதியது, நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டார். எட்டாயிரம் தாள் அச்சான பிறகு வேறொருவர் கண்டுபிடித்தார். தாள்கள் வெளியே போகவில்லை. அதன் பிறகு அவர் ஒரு சந்தேகத்தையும் விட்டதில்லை.

இங்கே ஓரம் இல்லை. மகளின் கையைத் தொட்டு, எழுத்து ஒட்டலையேம்மா என்று சொல்லலாம். பதினேழாவது கேள்வி ஞாபகம் வந்தது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

*

இடைவேளையில் மகள் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"எழுத்து வருதாப்பா?"

"வருது."

"புரியுதா?"

"புரியாம என்ன. நல்லா புரியுது."

கழிவறைக்குப் போகிற வழியில், வழுக்கைத் தலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருவர் சுவரில் சாய்ந்திருந்தார். கீழ் அரங்கில் கண்ணாடி வாங்கிய இன்னொருவர் அவர்தான்.

"எப்படி இருக்கு?" என்று இவர் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு?"

"நல்லா இருக்கு."

இருவரும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். வழுக்கைத் தலைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் பாதி தூங்கிட்டேன்," என்றார். "அதனால எனக்குச் சொல்லத் தெரியலை."

இவர் பொறாமையோடு தலையாட்டினார்.

*

இரண்டாம் பாதியில் அவர் இன்னும் கவனமாகப் பார்த்தார். கவனிக்கக் கவனிக்க மோசமானது. படகு நிமிர்ந்தது. 'ஊசியைக் கொதிக்க வெச்சியா?' கிழவர் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார். கால் நனையவில்லை. 'உன் பேர்ல சத்தியம், எனக்குத் தெரியாது.' யார் பேர்ல? அந்தப் பெண் ஒரு பழைய பாவாடையை மடித்து வைத்தாள். சின்னப் பாவாடை. குழந்தையுடையது. 'அந்தக் குழந்தை' என்று முன்பே வந்திருந்தது. இது ஒட்டியது. அவருக்கு உயிர் வந்தது போல இருந்தது. டாக்டர் கொடுத்த மருந்தில் இறந்தது இவர்கள் வீட்டுக் குழந்தையேதான். அடுத்த வரி, 'ரெண்டு போட்டேன், ஒண்ணு மிச்சம் இருக்கு' என்று வந்தது. எது இரண்டு?

பிறகு 'விளக்கை அணைச்சிடு' என்று ஒரு வரி. அதோடு எழுத்து நின்றுவிட்டது.

படம் நிற்கவில்லை. அவர் பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். வெறும் படம். வாய்கள் அசைந்தன. இருபது நிமிடம் இருக்கும். ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. அந்தப் பெண் ஆணியிலிருந்து சாவியை எடுத்துப் பைக்குள் போட்டாள். கிழவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கடல். படகைத் தள்ளினார்கள். கிழவர் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் வரை, இடுப்பு வரை இறங்கினார். விளக்கு வந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்ற மறந்தார்.

*

முன்கூடத்தில் காபிக் கடையின் மேசை ஒன்றில் உட்கார்ந்தார்கள். இரண்டு காபி. மகள் படிவம் இருந்த கோப்பை மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு அழுகையே வந்துடுச்சுப்பா. உங்களுக்கு?"

"ம்."

"ஏன்பா அவர் அத்தனை வருஷமா தண்ணியில கால் வைக்கலை?"

சும்மா கேட்பது போலக் கேட்டாள். அவளுக்குச் சும்மா கேட்க வராது. சின்ன வயதிலிருந்தே வராது.

அவர் தயாராக இருந்தார். கடைசி இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒரு வழியாகக் கட்டி வைத்திருந்தார்.

"ஏன்னா அந்த ஊசியைத் தண்ணியிலதான் போட்டார். தடயம் இருக்கக் கூடாதுன்னு. அதுலேர்ந்து தண்ணின்னா பயம்."

"எந்த ஊசிப்பா?"

"அவர் டாக்டரா இருந்தப்ப போட்ட ஊசி. கம்பவுண்டர் மருந்தை மாத்திட்டான். குழந்தை அன்னிக்கு ராத்திரியே போயிடுச்சு. அவர் ஊர்லயே இல்லைன்னு பொய் சொல்றார்ல. அந்தப் பையன், கம்பவுண்டரோட மகன், அவனுக்கு எல்லாம் தெரியும். தார் பூசறப்ப மிரட்டறான்ல."

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவன் எங்கப்பா மிரட்டினான்?"

"சிரிச்சுக்கிட்டே மிரட்டறான். அதான் விஷயமே."

அவள் முகம் மாறியது. அவர் அதைப் பார்த்தார். பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் தெரியாமல் நிறுத்தியது போல ஆகிவிடும். தெரிந்த ஒன்றைச் சொல்லி முடிக்கலாம் என்று நினைத்தார். எழுத்து இல்லாமல் கண்ணால் பார்த்த ஒன்றை.

"கடைசியில அந்தப் பொண்ணு சாவியை எடுத்துப் பையில போட்டுக்கிட்டா பாரு. ஒரு வார்த்தை கேட்கலை. அப்பா பார்த்துக்கிட்டே நிக்கறார். அந்த இடம் நல்லா எடுத்திருந்தாங்க."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"குத்திக் காட்டறீங்களா?"

"என்னத்தை?"

"ஒண்ணுமில்ல."

அவருக்கு அவள் சொன்னது கேட்டது. என்னவென்று புரியவில்லை. அவள் கோப்பைத் திறந்தாள். மூன்றாம் பக்கம். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். அவர் தலைகீழாகப் படித்தார். பதினேழு. ஆம் என்பதன் மேல் ஒரு டிக். சின்ன டிக். அழுத்தாமல்.

அவர் காபியைக் குடித்தார். ஆறியிருந்தது. வீட்டில் மாடிப்படி எத்தனை என்று எண்ணிப் பார்த்தார். முப்பத்திரண்டு. தப்பில்லாமல் வந்தது. அதை யாரிடம் சொல்வது.

*

மேல் அரங்கில் காட்சி அரை மணி தாமதமாக ஆரம்பித்து அப்போதுதான் முடிந்திருந்தது. அதன் படிகளில் ஒரு அம்மாள் இறங்கி வந்தாள். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் கண்ணாடி. கண்ணாடி தருகிற பெண்மணியின் முன்னால் போய் அதை வைத்தாள். காது கேட்காதவர்களின் குரல். முன்கூடம் முழுக்கக் கேட்டது. அவருக்கே கேட்டது.

"பதினோரு படி ஏறிப் போய், பைத்தியம் பிடிச்சு இறங்கி வர்றேன்."

"என்னம்மா ஆச்சு?"

"இடைவேளையிலயே வந்து சொன்னேன். பழகிடும்னு சொல்லி அனுப்பினே. எப்படிப் பழகும்? டாக்டர் ஒருத்தன் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பார்க்கறான். எழுத்துல என்ன வருது தெரியுமா? 'அடியில ஓட்டை விழுந்திருக்கு, தார் பூசினா சரியாகிடும்.' நான் முப்பத்தாறு வருஷம் நர்ஸா இருந்தவ. எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதில்ல. மனசுல நினைச்சிருப்பாங்க, அது வேற."

காபிக் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதே. எனக்கு எவ்வளவு பயமாப் போச்சு தெரியுமா? மூளையில ஏதோ போயிடுச்சுன்னு நினைச்சேன். பேரனுக்கு வீடியோ கால் போட்டு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் காட்டினேன். அவன் தப்பா சொல்றே பாட்டின்னுட்டான். அப்புறம் பார்த்தா அவன்தான் தப்பு."

மகள் திரும்பி உட்கார்ந்தாள். அவர் எழுந்து நின்றார்.

"தார் பூசறதா?" என்றார்.

நர்ஸம்மா அவரைப் பார்த்தாள். அவர் மூக்கின் மேலிருந்த கண்ணாடியையும் பார்த்தாள்.

"ஐயா, உங்களுக்கும் வந்துதா?"

"எனக்குத் தார் பூசறது படத்துல வந்துது. எழுத்துல கம்பவுண்டர் வந்தான்."

"கம்பவுண்டர் எனக்குப் படத்துல வந்தான்."

கண்ணாடிப் பெண்மணி போனை எடுத்தாள். படம் ஓட்டுகிறவர் மேலிருந்து வந்தார். நாற்பது வயது, சட்டைப் பையில் நான்கு பேனா. அவள் சொல்வதைக் கேட்டார். ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார்.

"இன்னிக்குக் காலையில ரெண்டு படத்தையும் மாத்தினோம்," என்றார். "படகுப் படம் மேல போட வேண்டியது. அதுக்கு நடக்க முடியாதவங்க நிறைய பேர் டிக்கெட் எடுத்திருந்தாங்க. பதினோரு படி ஏற முடியாது. அதனால அதைக் கீழ கொண்டுவந்து, டாக்டர் படத்தை மேல போட்டோம். எழுத்து அனுப்பற பெட்டி அந்தந்த அரங்குலயே இருக்கு. அதை மாத்தணும்னு தோணலை."

"சத்தம் எல்லாருக்கும் சரியா வந்துதே?" என்றாள் மகள்.

"சத்தம் படத்தோடயே வரும்மா. கண்ணாடி போட்டவங்களுக்கு மட்டும்தான்..." அவர் முடிக்கவில்லை. "மொத்தம் நாலு பேர்."

"மேல இன்னொருத்தர் அஞ்சு நிமிஷத்துல கழட்டிப் பையில வெச்சுட்டார்," என்றாள் நர்ஸம்மா.

"கீழ ஒருத்தர் தூங்கிட்டார்," என்றார் அவர், வழுக்கைத் தலைக்காரரைத் தேடிப் பார்த்தபடி.

"மிச்சம் நாம ரெண்டு பேர். நீங்க ஏன் ஐயா வந்து சொல்லலை?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கேட்காதது போலச் சிரித்தார்.

படம் ஓட்டுகிறவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த புதன் வந்தால் இரண்டு படங்களையும் ஒழுங்காகக் காட்டுவதாகச் சொன்னார். கண்ணாடிப் பெண்மணி போனைக் கீழே வைத்தாள். பிறகு நர்ஸம்மாவின் முகத்துக்கு நேராக நின்று, உதட்டை நன்றாக அசைத்து, "தப்பு என்னுதும்மா. பழகிடும்னு சொல்லியிருக்கக் கூடாது," என்றாள்.

நர்ஸம்மா அவர்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்தாள். மகள் அவளுக்கு ஒரு காபி சொன்னாள். மூவரும் கதையைச் சேர்த்தார்கள். படகுக்காரரின் மூத்த பெண் ஏழு வயதில் கடலில் போய்விட்டாள்; அதனால்தான் தண்ணீரில் கால் வைக்கவில்லை. இது மகள் சொன்னது. பாவாடை அந்தப் பெண்ணுடையது. டாக்டர் கதையில் ஊசி, கையெழுத்து, ராத்திரி போன குழந்தை.

"ரெண்டு போட்டேன், ஒண்ணு மிச்சம்னு வந்துச்சே. அது எது?" என்று கேட்டார்.

"தையல்," என்றாள் நர்ஸம்மா. "காயத்துக்குத் தையல். மூணு போட வேண்டியது, நூல் தீர்ந்துடும். நல்லா எடுத்திருந்தான் அதை. ஆனா அந்த நேரத்துல எனக்கு, 'காத்து மாறட்டும், இறக்கலாம்'னு வந்துச்சு."

மகள் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் இவ்வளவு பயந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒவ்வொன்றாக எல்லாம் ஒட்டியது. ஒப்புப் பார்த்து முடிகிற நேரத்து சுகம் அவருக்கு வந்தது. கடைசி வரிக்கு விரலைக் கொண்டுபோனார்.

"சாவி?" என்றார்.

"எந்தச் சாவி?" என்றாள் நர்ஸம்மா.

"ஒரு பொண்ணு ஆணியிலேர்ந்து சாவியை எடுத்துப் பையில போடுவா. உங்க படத்துல வந்துதா?"

"சாவி கீவி ஒண்ணும் வரலையே. அந்த டாக்டர் வீட்டுக் கதவு ராத்திரி பகல்னு இல்லாம பூட்டாமதான் கிடக்கும். நோயாளி வருவாங்கன்னு."

அவர் மகளைப் பார்த்தார்.

"இல்லவே இல்லைப்பா," என்றாள். இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. "அது ஒண்ணுதான் நீங்க தெளிவாப் பேசினது. காலையில நான் சாவி எடுத்ததை இப்படிச் சுத்தி வளைச்சு சொன்னீங்க பாருங்க. எனக்குச் சுருக்குன்னு ஆகிடுச்சு. நேராவே கேட்டிருக்கலாம்."

காலையில் அவள் சாவி எடுத்தது. கதவோரம், ஆணி, அவள் பை. அவர் செருப்பு தேடிக்கொண்டிருந்தார். அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. திரையில் அந்தப் பெண் எடுத்ததும் அதே அளவு ஞாபகம் இருந்தது. அவள் கை. கிழவர் நின்ற இடம். பின்னால் கடல் வெளிச்சம்.

மகள் கோப்பைத் திறந்தாள். பதினேழு. ஆம் மேலிருந்த டிக்கை அடித்தாள். இரண்டு கோடு. இல்லை என்பதை டிக் செய்தாள். இந்தத் தடவை அழுத்தி. அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு பையில் கைவிட்டு, சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே வெச்சுக்கோங்கப்பா. என்னை மன்னிச்சுடுங்க."

"அப்பாவுக்கும் பொண்ணுக்கும் சண்டைன்னா நான் அந்தப் பக்கம் போறேன்," என்று நர்ஸம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு, கண்ணாடிப் பெண்மணியிடம் இன்னும் கொஞ்சம் பேசப் போனாள்.

அவர் சாவியைப் பார்த்தார். எடுத்துக்கொண்டால் போதும். அவளுக்குச் சந்தேகம் இல்லை. டாக்டர் இந்தப் பக்கத்தைப் பார்ப்பார், அவரிடம் சில கேள்விகள் கேட்பார், அவர் பதில் சொல்வார். இன்றைய தேதி. நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது. அவருக்கு வரும். மாடி வீடு, முப்பத்திரண்டு படி, தெருவைப் பார்த்த ஜன்னல்.

தூங்கியிருக்கலாம். எழுத்து நின்ற பிறகு ஒரு நிமிடம் கண் அசந்திருக்கலாம். வழுக்கைத் தலைக்காரர் பாதிப் படம் தூங்கினார். தூங்கினால் கனவு வரும். அல்லது தூங்கவில்லை.

"பேனாவைக் குடு," என்றார்.

"எதுக்கு?"

அவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் கொடுத்தாள். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். தலைகீழாகப் படிக்க முடியும். எழுதுவதற்கு நேராக வேண்டும். பதினேழாவது கேள்விக்கு எதிரே, வலது ஓரத்தில், கோட்டுக்கு வெளியே ஒரு கேள்விக்குறி போட்டார். சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில், 'சாவி' என்று எழுதினார். எழுத்து நடுங்கவில்லை.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"எழுத்து மாறிப்போச்சு. அது சரி. ஆனா சாவி எழுத்துலயும் வரலை. ரெண்டு படத்துலயும் இல்லை."

"நீங்க என்னைக் குத்திக் காட்டினீங்க."

"இல்லைம்மா. நான் பார்த்தேன்."

அவள் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தாள். பிறகு, "கண்ணசந்திருக்கும்," என்றாள்.

"இருக்கலாம்."

"அப்ப இது எதுக்கு? டாக்டர் இதை வெச்சு ஏதாவது..."

"தெரியாததுக்கு ஆம், இல்லை போடக் கூடாது. கேட்டுடலாம்."

"ஒண்ணும் இல்லாம இருந்தா?"

"அப்போ அவரே அடிச்சுடுவார்."

அவள் தாளை எடுத்தாள். பேனாவில் எழுதியது, அழிக்க முடியாது. அடிக்கலாம். பேனா அவள் கைக்கு வந்திருந்தது. அவள் தாளைக் கோப்பில் வைத்தாள். மடிக்காமல்.

கண்ணாடிப் பெண்மணி மேசைக்கு வந்தாள். நின்றாள். அவர் அப்போதும் கண்ணாடியைப் போட்டிருந்தார். கழற்றிக் கொடுத்தார். மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது. தடவிக்கொண்டார்.

"வர்ற புதன் வருவீங்கல்ல சார்? சரியா வெச்சிருப்பேன்."

அவர் மகளைப் பார்த்தார்.

"வருவார்," என்றாள் அவள். முகத்துக்கு நேராகத் திரும்பி, உதட்டை அசைத்து, மறுபடி சொன்னாள். "வருவோம்பா."

சாவி மேசைமேல் இருந்தது. காபி டம்ளரின் ஈர வட்டத்துக்குப் பக்கத்தில். இருவரும் எழுந்தார்கள். நாற்காலிகளை உள்ளே தள்ளினார்கள். பிறகும் அங்கேயே நின்றார்கள், மற்றவர் எடுக்கட்டும் என்று.